நான்கு பெயர்களும் ஒரு மறுப்பும்: கரிசல் வட்டாரப் பேருந்து வரலாற்றில் 1997

தமிழகப் பேருந்துத் துறையின் வரலாற்றை எழுதுவோர், போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீங்கிய 1997-ஐ ஒரு பெயர்மாற்றமாகவே கடந்துவிடுகிறார்கள். சாதி அரசியலை ஆராய்வோர் அதே நிகழ்வை அடையாள அரசியலின் கணக்கில் எழுதுகிறார்கள். அங்கே பேருந்துக்குப் பெயர்ப்பலகையைத் தாண்டி வேலையில்லை. ஆனால் இரு தரப்பும் ஒன்றில் உடன்படுகின்றன: பெயரால் வந்த சிக்கல், பெயர் நீங்கியதும் தீர்ந்தது. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியில் நின்று பார்த்தால் இந்த முடிவு நிற்காது என்பதே என் வாதம்.

முதலில் பெயர்களின் ஊர்களைப் பார்ப்போம். 1974-இல் திருநெல்வேலியில் அமைந்த போக்குவரத்துக் கழகம் கட்டபொம்மன் பெயரைத் தாங்கியது, அவர் பாஞ்சாலங்குறிச்சிக்காரர். உதகைக் கழகத்துக்கு எட்டயபுரத்துப் பாரதியின் பெயர். புதுக்கோட்டைக் கழகத்துக்குக் கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோன் பெயர். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த கழகத்துக்குக் கவர்னகிரியின் வீரன் சுந்தரலிங்கம் பெயர். நான்கு ஊர்களும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் வட்டாரங்களில் உள்ளவை. இந்த அண்மையை வாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒரே மண் தந்த நான்கு பெயர்களில் மூன்று, எந்தக் கலவரமும் இன்றிப் பேருந்துகளில் ஓடின. நான்காவது மட்டும் ஓட முடியவில்லை. இடைநிலைச் சாதியினரில் ஒரு பகுதியினர் அந்தப் பெயர் தாங்கிய வண்டியில் ஏற மறுத்தனர். தென்மாவட்டங்களில் மோதல்கள் மூண்டன, உயிர்கள் போயின.

சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி என்பதும், 1799 போரில் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தன்னையும் மாய்த்துக்கொண்டார் என்பதும் வட்டார மரபு. அப்படியானால், பாளையக்காரரான கட்டபொம்மனின் பெயரில் இருபதாண்டுக்கு மேல் பயணம் செய்த ஒரு வட்டாரத்தில்தான் அவருடைய தளபதியின் பெயரில் பயணம் செய்ய மறுப்பு எழுந்தது. இருவருக்கும் போர் ஒன்று, எதிரியும் ஒருவரே. வேறுபட்டது சாதி. சுந்தரலிங்கம் தேவேந்திரகுல வேளாளர்.

கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 1997 ஜூலை முதல் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. கட்டபொம்மன் கழகம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டம்-II ஆயிற்று. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆயிற்று. இந்த முடிவை நடுநிலையின் எடுத்துக்காட்டாக வாசிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பெயரை மட்டும் நீக்கியிருந்தால் அது மறுத்தவர்களிடம் வெளிப்படையாகப் பணிந்ததாகியிருக்கும். எரிந்துகொண்டிருந்த ஊர்களில் உயிர்களைக் காக்கும் கடமையும் அரசுக்கு இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆயினும் முடிவின் நோக்கத்தையும் அதன் விளைவையும் பிரித்தே பார்க்க வேண்டும். மறுத்தவர்கள் கேட்டது அந்தப் பெயர் வண்டியில் இருக்கக் கூடாது என்பது, அது நடந்தது. அந்தப் பெயரில் தங்கள் மதிப்பைக் கண்டவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. எல்லோரும் ஒரு பெயரை இழந்தார்கள் என்று கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகத் தோன்றும். ஆனால் கட்டபொம்மன் பெயர் இருபதாண்டுக்கு மேல் ஓடி ஊன்றிய பிறகு விலகியது. சுந்தரலிங்கம் பெயர் சில வாரங்கள்கூட நிம்மதியாக ஓடவில்லை. இந்த இரண்டையும் ஒரே இழப்பாக எண்ண முடியாது.

சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரால் ஒருவரைப் பொது வாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பதைத் தண்டிக்கும். ஒடுக்கப்பட்டவரின் பெயர் இருப்பதால் தான் ஏற மாட்டேன் என்பவரை அது எதுவும் செய்யாது. இந்த மறுப்பைத் தீண்டாமையின் தொடர்ச்சியாகவே நான் காண்கிறேன். மறுத்த ஒவ்வொருவரின் மனத்திலும் இதுவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். மறுப்பு கூட்டுச் செயலானபோது அதன் பொருள் இதுதான்.

பெயர்தான் மூலம் என்ற வாதத்தை உடைப்பது 1995. அந்த ஆண்டு ஜூலையில் வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் மூண்ட தகராறு சாதி மோதலாகப் பரவியது. ஆகஸ்ட் 31-இல் கொடியன்குளத்தில் காவல்துறை நடத்திய அத்துமீறல் அதன் தொடர்ச்சியில் வந்தது. அப்போது சுந்தரலிங்கம் பெயரில் கழகமே இல்லை. பெயர் வருவதற்கு முன்பே பேருந்து மோதலின் களமாக இருந்தது. வண்டி எங்கே நிற்கும், யார் உட்காரலாம், யார் யாரை அதட்டலாம் என்பவை தீராத வழக்குகளாக இருந்தன. இருக்கையைப் பகிர்வதைச் சகித்தவர்களாலும், வண்டியே எல்லோருக்கும் உரியது என்று எழுதிவைத்ததைச் சகிக்க முடியவில்லை. பெயர் வெளிக்கொணர்ந்தது அந்த உரிமைப் பூசலைத்தான். பெயரை எடுத்ததால் பூசல் தீர்ந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்; அதை நான் காணவில்லை.

சென்னையில் 1994-இல் அம்பேத்கர் பெயரில் கழகம் அமைந்தபோது இப்படிக் கலவரம் மூளவில்லையே என்பார்கள். பெருநகரப் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாது. கரிசல் கிராமத்தில் ஏறுபவரின் தெருவும் வீடும் எல்லோருக்கும் தெரியும். சுந்தரலிங்கம் பெயர் தேர்தல் கணக்குக்காகச் சூட்டியதுதானே என்ற எதிர்வாதமும் பொருட்படுத்தத் தக்கதல்ல. மற்ற மூன்று பெயர்களும் அரசியல் கலவாமலா சூட்டப்பட்டன?

பொதுப் பேருந்து என்பதை வண்டிகளின் எண்ணிக்கையாலும் தடங்களின் நீளத்தாலும் அளந்து பழகிவிட்டோம். கரிசல் வட்டாரத்தில் அந்த அளவுகோல் போதாது. யார் ஏறினார்கள், யாருக்காக வண்டி நின்றது, யார் ஏற மறுத்தார்கள் என்பனவும் சேவையின் வரலாறே. நிறுத்தம் கேட்டு ஊர்கள் எழுதிய மனுக்களையும் பணிமனைகளுக்குப் போன புகார்களையும் தேடித் தொகுக்க வேண்டும். அவற்றை எழுதியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இன்னும் அந்த ஊர்களில் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும்.