பேரியாற்று முகத்தில் ஒரு மீனவர் ஊர்

கொச்சியில் சுள்ளிக்கல் பகுதியில் வாழும் தமிழர், ஓய்வுநாளில் கோட்டைக் கொச்சிப் படகுத்துறையைக் கடந்து, வைப்பின் தீவின் வழியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே சென்றால் முனம்பத்தை அடையலாம். முனம்பு என்பது மலையாளத்தில் நிலமுனையைக் குறிக்கும். பேரியாறு கடலொடு கலக்கும் இம்மீனவர் ஊரில் படகுகளையும் சீன வலைகளையும் கண்டு திரும்புவோர் பலர். ஆயினும் இவ்வூரைச் சூழ்ந்துள்ள வரலாறும் அறியத்தக்கதே.

சேரர் துறைமுகமான முசிறி இக்கழிமுகத்தை அடுத்தே விளங்கியது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு கூறுகிறது. அண்மையிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007-இல் தொடங்கிய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும், பழைய மரத்தோணி ஒன்றும் கிடைத்தன. அதுவே முசிறி என்பர் சிலர், மறுப்போரும் உளர். 1341-இல் பேரியாறு பெருகிக் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்தது என்றும், அதன்பின் கொச்சித் துறைமுகம் உயர்வுற்றது என்றும் கூறுவர். அருகே பள்ளிப்புரத்தில் போர்த்துக்கீசியர் எழுப்பிய அறுகோணக் கோட்டை, டச்சுக்காரர் கைக்கு மாறி, 1789-இல் திருவிதாங்கூருக்கு விற்கப்பட்டது.

பழந்துறை தூர்ந்தது, கோட்டை காட்சிப்பொருளாயிற்று. மீன்பிடி தொழில் நிலைத்துள்ளது. அத்தொழிலில் இன்று குமரி மாவட்டத்துத் தமிழர் பலர் உழைக்கின்றனர். 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து சென்ற படகொன்றின்மீது கப்பல் மோதியபோது உயிரிழந்தவருள் அவர்களும் இருந்தனர்.

சேரர் கால வணிகத்தை எண்ணிப் பெருமை கொள்ளும் நாம், இன்று அதே கடலில் உயிரைப் பணயம் வைக்கும் இவர்களை மறத்தலாகாது. முனம்பம் செல்வோர், கோட்டையைக் கண்டபின், துறையில் இருக்கும் நம்மவரோடும் சிறிது உரையாடி வருதல் நன்று.