கற்றல், நடத்தை, மனநலச் சிக்கல் உள்ள சிறார்: மதுரை வட்டாரம்

படிப்பில் தடுமாறும், நடத்தையில் பிறரோடு ஒத்துப்போகாத, மனம் கலங்கிய சிறார்களுக்கு மதுரை நகரிலும் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ச் சமவெளியிலும் கிடைத்த உதவிக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. இந்தப் பொறுப்பு முதலில் போலீஸிடம் இருந்தது. பிறகு மனநல மருத்துவத்திடமும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடமும் வந்தது. பிள்ளை பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடம்தான் கடைசியாக வந்து சேர்ந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 முதல் இவ்வட்டாரக் கள்ளர் சாதியினர்மீது படிப்படியாகப் பாய்ந்தது. அச்சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அதையொட்டிய ஆண்டுகளில் அரசு திறந்தவையே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். அவை தலைமுறைகளுக்கு எழுத்தறிவு தந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிறந்த சாதியையே நடத்தைக் கோளாறாக எழுதிவைத்த ஏற்பாடு அது. இந்தியாவின் முதல் சிறார் சட்டத்தைச் சென்னை மாகாணம் இயற்றியதும் அதே 1920இல்தான். 1947இல் குற்றப் பரம்பரைச் சட்டம் மாகாணத்தில் நீக்கப்பட்டது. பள்ளிகளின் பெயர் மட்டும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல பத்தாண்டுகள் தங்கிவிட்டது.

வீட்டார் நாடிய இடம் வேறு. பிள்ளை பேச்சை நிறுத்தினாலோ ராத்திரியில் அலறினாலோ பாண்டி கோவில் திருநீறு, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர், தாயத்து. ‘பெரியாஸ்பத்திரி’ என்று ஊர் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு இத்தகைய பிள்ளையைக் கூட்டிப் போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

அந்த வெற்றிடத்தில் 1992இல் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன். நாள்பட்ட மனநோயாளிகளின் மறுவாழ்வு அதன் மையப் பணி. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பயிற்சியும் உடன் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகுதான் அரசு இப்பக்கம் உண்மையாகத் திரும்பிப் பார்த்தது. மாவட்ட மனநலத் திட்டம் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் விரிந்தது. பெரியவர்களுக்காக வந்த திட்டத்தின் ஓரத்தில்தான் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்தது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இல்லை. ஆட்டிசத்துக்கு 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. கற்றல் குறைபாடு 21 வகைகளில் ஒன்றாக நுழைய 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுத்தை வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா ஆங்கில மீடியப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. தமிழ் எழுத்தும் அப்படியொன்றும் எளிதல்ல. ‘கெ’ என்பதில் காதில் முதலில் விழுவது ககரம்; கை முதலில் எழுத வேண்டியதோ கொம்பு. ‘கொ’ என்றால் மெய்க்கு இருபுறமும் குறி. கேட்கும் வரிசையும் எழுதும் வரிசையும் மாறுகிற இந்த இடத்தில் சில பிள்ளைகள் வருடக்கணக்கில் தேங்கி நிற்பார்கள். கொம்பைப் போட்டுக் காலை விட்டுவிடுவார்கள். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் ஒப்பிக்கும் அதே பிள்ளைக்கு ‘மக்கு’ என்ற பட்டம் கிடைத்தது. கூடவே அடியும். பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 முதல் தடை செய்திருக்கிறது.

2007இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் வந்த செயல்வழிக் கற்றல், ஏணிப்படியும் அட்டையும் வைத்து அவரவர் வேகத்தில் முன்னேற விட்டது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குத் தமிழகம் செய்த பெரிய நன்மை அதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து அதே வழியில் நடந்தது.

இன்று கிராமத்துப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் உதவி வட்டார வள மையம்தான். அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் உருவாகி, 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடரும் ஏற்பாடு இது. குறிப்பிட்ட நாட்களில் அம்மாக்கள் பஸ் பிடித்துப் பிள்ளையோடு வருவார்கள். பாய் விரித்து உடற்பயிற்சி, மணி கோத்தல், பேச்சுப் பயிற்சி. வர முடியாத பிள்ளையின் வீட்டுக்குச் சிறப்பாசிரியரே போவார். பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் 2013ஆம் ஆண்டின் தேசிய சிறார் நலத் திட்டம், கற்றல் குறைபாட்டையும் கவனக்குறைவு மிகை இயக்கத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

வள மையங்களின் இந்த வேலையைச் சுமப்பவர்கள் தொகுப்பூதியச் சிறப்பாசிரியர்கள். தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவருக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து வந்த விதி. 2024-25இல் மத்திய அரசு இத்திட்டத்தில் தமிழகத்துக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தபோது இவர்கள் சம்பளமும் கேள்விக்குள்ளானது.

பதின்வயதினரின் நிலை இன்னும் மெலிவானது. மாணவர் தம் மனக்குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி அரசுப் பள்ளிகளில் தொங்குகிறது. அதில் விழும் சீட்டைப் படித்துப் பதில் சொல்ல முழுநேர ஆலோசகர் பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. குறைபாட்டுச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். சான்றிதழில் அடங்காத கோபத்துக்கும் அழுகைக்கும் பெற்றோர் இப்போதைக்கு நாடக்கூடியவை பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவும், 14416 என்ற மனநல உதவி எண்ணும், 1098 என்ற சிறார் உதவி எண்ணும். இரண்டு எண்களுக்கும் கட்டணம் இல்லை.