எல்லைக்கோடும் அலைவரிசையும்: சத்தியவேட்டுத் தமிழர் நோக்கில் கைப்பேசித் தொடர்பின் வரலாறு

முன்னுரை

மொழி பேசப்படும் நிலமும் ஆட்சி செலுத்தப்படும் நிலமும் ஒன்றாக அமைய வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில் இந்திய மாநிலங்கள் 1956இல் திருத்தி அமைக்கப்பட்டன. ஆயினும் எல்லையோர ஊர்களில் இவ்விரண்டும் முழுதும் பொருந்துவதில்லை. ஒரு மொழி பேசுவோர் எல்லைக்கோட்டின் இருபுறமும் பிரிந்து வாழ நேரும்போது, உறவையும் மொழியையும் பேணும் கருவிகளாகக் கடிதம், வானொலி, தொலைபேசி போன்ற தொடர்புச் சாதனங்கள் அமைகின்றன. இவ்வகையில் கைப்பேசி ஆற்றிய பங்கு தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை. 1995 முதல் இந்தியாவில் வளர்ந்த கைப்பேசித் தொழில்நுட்பத்தின் வரலாற்றை, ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியிலுள்ள சத்தியவேட்டில் வாழும் தமிழரின் நிலையிலிருந்து ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

சத்தியவேடும் 1960ஆம் ஆண்டு எல்லையும்

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. சத்தியவேடு அவ்வேங்கடத்துக்குத் தெற்கே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. இப்பகுதி 1960 வரை சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவானபின் எல்லைச் சிக்கல் கூர்மை அடைந்தது. ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் வட எல்லைப் போராட்டத்தை நடத்தியது. இச்சிக்கலைத் தீர்க்க எச்.வி.படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். ஊரை அலகாகக் கொள்ளுதல், பெரும்பான்மையோர் மொழியை நோக்குதல், நிலத்தொடர்ச்சியைக் காத்தல் ஆகியவை அவர் கொண்ட அளவுகோல்கள். அவரது பரிந்துரையை ஒட்டி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்ட ஊர்களைக் கொண்ட சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் அது புதிய திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

ஊரை அலகாகக் கொண்ட எந்தப் பகுப்பும் ஊருக்குள் வாழும் சிறுபான்மையைக் கணக்கில் கொள்ள இயலாது. திருத்தணிப் பக்கம் தெலுங்கு பேசுவோரும் சத்தியவேட்டுப் பக்கம் தமிழ் பேசுவோரும் தங்கிவிட்டனர். கொள்வினை கொடுப்பினை, சந்தை, மருத்துவம், வேலை ஆகியவற்றுக்கு ஊத்துக்கோட்டையையும் கும்மிடிப்பூண்டியையும் சென்னையையும் நாடும் வழக்கம் இப்பகுதியில் எல்லை மாற்றத்துக்குப் பின்னும் நீடித்தது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்குமாக வாழும் இம்மக்களின் நிலையே இவ்வாய்வின் களம்.

தொலைத்தொடர்பு வட்டமும் மாநில எல்லையும்

1994ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார் நிறுவனங்களுக்கு வழிதிறந்தது. 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த நடுவண் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடலாகக் கொள்ளப்படுகிறது. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகிய இரு நிறுவனங்கள் உரிமம் பெற்றன.

பெருநகரங்களுக்கு வெளியே உரிமங்கள் 'வட்டம்' என்னும் பகுப்பின்படி வழங்கப்பட்டன. இவ்வட்டங்கள் பெரும்பாலும் மாநில எல்லைகளையே தம் எல்லைகளாகக் கொண்டன. ஆந்திரப் பிரதேச வட்டத்தில் டாடா செல்லுலாரும் ஜே.டி. மொபைலும், தமிழ்நாட்டு வட்டத்தில் பி.பி.எல். நிறுவனமும் ஸ்ரீநிவாஸ் செல்காமும் உரிமம் பெற்றன. சென்னை தனி வட்டமாக இருந்தது. ஆகவே சத்தியவேட்டிலிருந்து 70 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை வேறு வட்டம் ஆயிற்று. பல நூறு கி.மீ. தொலைவிலுள்ள ஐதராபாத் சொந்த வட்டம் ஆயிற்று. மொழியை முன்னிட்டு வரையப்பட்ட 1960ஆம் ஆண்டுக் கோடு, மொழியோடு தொடர்பில்லாத வணிக உரிமத்துக்கும் எல்லையாக நின்றது.

இவ்வாறு மாநில எல்லையைப் பின்பற்றிய வட்டம், பிற்காலத்தில் மாநிலம் பிரிந்தபோது அதனைப் பின்பற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலம் ஆயிற்று. ஆயினும் ஆந்திரப் பிரதேச உரிம வட்டம் அதனுடன் சேர்த்துப் பிரிக்கப்படவில்லை. அதற்கு முன்பே, 2005இல், சென்னை வட்டம் தமிழ்நாட்டு வட்டத்துடன் இணைக்கப்பட்டது. வட்டம் என்பது மாற்றவே இயலாத ஒன்றன்று, ஆட்சியாளர் விருப்பின்படி அமையும் ஏற்பாடே என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

அலையின் இயல்பு

ஓர் அலைக்கோபுரம் ஒளிபரப்பும் பரப்பு 'செல்' எனப்படும். ஜி.எஸ்.எம். என்னும் இரண்டாம் தலைமுறை முறையில் ஒரு செல்லின் ஆரம் இயல்பாக ஏறத்தாழ 35 கி.மீ. வரை செல்லக்கூடும். ஆதலின் எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் அலை இப்பாலுள்ள ஊரிலும், இப்பாலுள்ளது அப்பாலும் எட்டுவது தவிர்க்க இயலாதது. ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு வட்டமும் தனி வலையமைப்பு எண் பெற்றிருந்தமையால், கைப்பேசி பக்கத்து வட்டத்தின் கோபுரத்தைப் பற்றியவுடன் தான் வேற்றிடத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. இதுவே 'ரோமிங்' எனப்படும் வெளிவட்டச் சேவை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறே ஒருவர் வெளிவட்டத்தில் இருப்பவராகக் கருதப்படும் நிலை எல்லையோர ஊர்களுக்கே உரிய விந்தை. அலைக்கு எல்லை இல்லை. கட்டணப் பட்டியலுக்கு இருந்தது.

கட்டண எல்லை தேய்ந்த வரலாறு

தொடக்கத்தில் கைப்பேசி செல்வர் கருவியாகவே விளங்கியது. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல் கட்டணம் இருந்தது. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டும். 1999ஆம் ஆண்டுப் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான உரிமத்தொகைக்கு மாற்றாக வருவாய்ப் பங்கீட்டை அறிமுகப்படுத்தியது. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தன் கைப்பேசிச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் நிறுவனம் சி.டி.எம்.ஏ. முறையில் குறைந்த கட்டணத்துடன் நுழைந்தது. 2003 மே முதல் வரும் அழைப்புகள் கட்டணமின்றி ஆயின. சிற்றூர்களில் கைப்பேசி பரவியதற்கு இம்மாற்றமே முதன்மைக் காரணம் எனலாம். பேச வசதியற்றவரும் கேட்க வசதி பெற்றார்.

ஆனால் இவ்விலவசம் சொந்த வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று. சத்தியவேட்டு வாடிக்கையாளர் ஊத்துக்கோட்டைச் சந்தைக்குச் சென்றால், வீட்டிலிருந்து வரும் அழைப்பை ஏற்கவும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளிவட்டக் கட்டணத்துக்கு விதித்த உச்சவரம்புகள் இவ்வெல்லை படிப்படியாகத் தேய்ந்ததைக் காட்டுகின்றன. 2007இல் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1.75 ரூபாய், உள்ளூர் அழைப்புக்கு 1.40 ரூபாய், வெளியூர் அழைப்புக்கு 2.40 ரூபாய் என்று வரம்பு அமைந்தது. 2013இல் இவை முறையே 75 காசு, 1 ரூபாய், 1.50 ரூபாய் ஆயின. 2015 மே மாதத்தில் 45 காசு, 80 காசு, 1.15 ரூபாய் என மேலும் குறைந்தன. அதே ஆண்டு ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். வெளிவட்டத்தில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது.

எண் மாற்றமின்றி நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் கிடைத்தது. அதுவும் முதலில் வட்டத்துக்குள் அடங்கியதே. 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டம் செல்வோரும் தம் எண்ணை வைத்துக்கொள்ள இயன்றது. வேலைக்காகச் சென்னையில் குடியேறிய சத்தியவேட்டுக்காரர் தம் ஊர் எண்ணை இழக்காமல் தமிழ்நாட்டு வட்டத்துக்கு மாற வழி பிறந்தது. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்கி, குரல் அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்பதையே நீக்கியது. பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்ற, வட்ட எல்லை பயனாளரின் கணக்கிலிருந்து மறைந்தது. அப்போட்டியில் தமிழகத்தில் பெருவாரியான வாடிக்கையாளரைக் கொண்டிருந்த ஏர்செல் 2018இல் வீழ்ந்ததையும் இங்குச் சுட்டுதல் தகும். மலிவு வந்தபோது தேர்வு சுருங்கியது.

ஆக, 1995 முதல் 2016 வரையிலான இருபத்தோர் ஆண்டுகள், எல்லையின் இருபுறமும் உறவு கொண்டோர் தம் தமிழ்ப்பேச்சுக்கு மிகுகட்டணம் செலுத்திய காலம். ஒரே தொலைவில் ஒரே மாநிலத்துக்குள் பேசியவருக்கு இச்சுமை இல்லை.

எழுத்தின் எல்லை

கட்டணத்தினும் நுட்பமான மற்றோர் எல்லை குறுஞ்செய்தியில் இருந்தது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 எண்ணெண்கள், அதாவது 1120 நுண்மிகள். ரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 நுண்மிகள் போதும்; எனவே 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறித் தமிழுக்கு ஒவ்வொரு குறியிடத்துக்கும் 16 நுண்மிகள் வேண்டும். எனவே 70 குறியிடங்களே அடங்கும். மேலும் தமிழ் ஒருங்குறியில் உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் இரு குறியிடங்களைக் கொள்கின்றன. 'சத்தியவேடு' என்னும் சொல் நம் இலக்கணப்படி 6 எழுத்து. ஒருங்குறியில் 10 குறியிடம். அதே ஊர்ப்பெயரை ரோமனில் 10 எழுத்தால் எழுதினால் 70 நுண்மிகள் செலவாகும். தமிழில் எழுதினால் 160 நுண்மிகள் செலவாகும். ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுத்த காலத்தில் தமிழில் எழுதுவது இருமடங்குக்கு மேற்பட்ட செலவாயிற்று. தமிழை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் வேரூன்றியதற்கு விசைப்பலகையின்மையோடு இக்கணக்கும் ஒரு காரணம் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இத்தடையை உடைக்கும் முயற்சி தமிழகத்துக்கு வெளியிலேயே முன்னதாகத் தொடங்கியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் வெளியாகிக் கைப்பேசியில் தமிழில் எழுத வழிசெய்தது. திறன்பேசியும் இணையவழிச் செய்தியும் பரவியபோது எழுத்தெண்ணிக்கைக் கட்டணம் பொருளற்றுப் போயிற்று. 2016இல் வெளியான ஐ.எஸ். 16333 என்னும் இந்தியத் தர அளவை, அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் படிக்கும் வசதி ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்க வேண்டும் என வரையறுத்தது. இதன்படி ஆந்திரத்தில் விற்கும் கருவியும் தமிழ் எழுத்தைக் காட்டக் கடமைப்பட்டது.

இக்கருவிகள் உருவாகும் இடமாகவும் சத்தியவேட்டு வட்டாரம் மாறியமை வரலாற்றின் திருப்பம். சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலையில் ஷியோமி கைப்பேசிகள் தயாராகத் தொடங்கின. 2015 ஆகஸ்டில் முதல் கருவி வெளியிடப்பட்டது. தமிழகத்தின் திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்ட மறு ஆண்டே இது நிகழ்ந்தது.

குரலும் எழுத்தும்

2013இல் வாட்ஸப் செயலியில் குரற்செய்தி வசதி வந்தது. தெலுங்கு வழியில் கற்றுத் தமிழ் எழுதப் படிக்க அறியாத, ஆனால் தமிழிலேயே பேசும் தலைமுறையினர்க்கு இது பெரும் வாய்ப்பு. எழுத்தறியாமலே தமிழில் செய்தி அனுப்ப அவர்களால் இயலும். ஆயின் இவ்வாய்ப்புக்கு மறுபக்கமும் உண்டு. தமிழ் எழுத்தைக் கற்கும் தேவையைக் கைப்பேசி ஓரளவு நீக்கிவிடுகிறது. எழுத்து வேண்டின் ரோமனும் தெலுங்கும் அருகிலேயே உள்ளன. எல்லையோரத் தமிழ் குரலாக வளர்ந்து எழுத்தாகத் தேயும் நிலை தோன்றக்கூடும். கருவி தமிழைக் காட்டும். படிப்பவரை அது உருவாக்காது. அது பள்ளியின் பணி.

கலைச்சொல் வழக்கும் இங்கு எண்ணத்தக்கது. செல்லிடப்பேசி, அலைபேசி, கைப்பேசி என்னும் மூன்றனுள் கைப்பேசி கையிலிருத்தலையும், அலைபேசி ஊடகத்தையும், செல்லிடப்பேசி இயங்குதலையும் சுட்டுகின்றன. 'செல்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் 'செல்லுதல்' என்னும் தமிழ் வினையையும் ஒருங்கே ஒலிப்பது செல்லிடப்பேசி. பேச்சு வழக்கிலோ தமிழரும் தெலுங்கரும் ஒருபோலச் 'செல்' என்கின்றனர். எல்லையோர வழக்கைத் தொகுப்போர் இவ்வேறுபாட்டைப் பதிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மொழிவழி மாநில எல்லை, 1994க்குப்பின் தொலைத்தொடர்பு வட்டத்தின் எல்லையாகி, எல்லையோரத் தமிழரின் பேச்சுக்குக் கூடுதல் விலை விதித்தது. அவ்விலை தொழில்நுட்பத்தின் கட்டாயத்தால் எழுந்ததன்று. உரிமப் பகுப்பால் எழுந்தது. அதனை 2007 முதல் 2015 வரை ஒழுங்குமுறை ஆணையத்தின் வரம்புகள் தளர்த்தின. 2016க்குப்பின் சந்தைப் போட்டி நீக்கியது. தமிழ் எழுத்தின் மீதிருந்த சுமை குறுஞ்செய்தியின் குறியேற்ற முறையால் விளைந்தது. அதுவும் இணையவழிச் செய்தியால் நீங்கியது. 2022 அக்டோபர் 1இல் இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியபோது, சத்தியவேட்டுக்கும் சென்னைக்கும் இடையே கட்டணம் சார்ந்த எல்லை இல்லை. எஞ்சி நிற்பது எழுத்தறிவின் எல்லை. சத்தியவேடு, நகரி, சித்தூர், குப்பம் ஆகிய வட்டாரங்களில் தமிழ் பேசுவோரின் குரற்செய்திகளையும் எழுத்து வழக்கையும் அவர்தம் இசைவுடன் தொகுத்து ஆராய்வது, தமிழ்த்துறைகள் காலம் தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.