ஐம்பது லிட்டர் எல்லை: சென்னைத் திட்ட அனுமதிக் கடிதங்களின் ஒரு பத்தியும் நீர்ச் சேவைப் பரப்பின் வரையறையும்

சென்னையின் வீட்டுப் பெருக்கத்தைக் குடிநீர், கழிவுநீர்ச் சேவைகளோடு சேர்த்து ஆராய்ந்த எழுத்துகளில் பெரும்பாலானவை சேவை எல்லையை நிலப்படத்தில் வரையப்பட்ட ஒரு கோடாகவே கொள்கின்றன. கோட்டுக்கு உள்ளே குழாய் உண்டு, வெளியே இல்லை. கோடு நகர்ந்தால் வீடுகள் பெருகும், அல்லது பெருகிவிட்ட வீடுகளுக்குக் காலந்தாழ்ந்தேனும் சேவை வந்துசேரும் என்பதே அவற்றின் அடிப்படை. 1978ஆம் ஆண்டின் 28ஆம் சட்டம் பெருநகர்ப் பகுதி முழுவதன் வளர்ந்துவரும் தேவைகளையும் கவனிக்கவே குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தை அமைத்தது. அப்பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தபோதும், வாரியத்தின் சேவை மிகப் பெரும்பாலும் ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய மாநகராட்சிக்குள்ளேயே நின்றது. 2011இல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டரானதும் அந்த இடைவெளி ஓரளவு குறையத் தொடங்கியது. இவ்வரலாறு பிழையானதன்று. ஆயினும் எல்லைக்கு உள்ளே இருந்த ஒரு வீட்டுக்கு வாரியம் எதை வழங்க ஒப்புக்கொண்டது என்னும் கேள்வியை இவ்வரலாறு எழுப்புவதே இல்லை. அக்கேள்விக்கு விடை தரும் ஆவணம் ஒன்று பல்லாண்டுகளாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வழங்கிய திட்ட அனுமதிக் கடிதங்களில், அதாவது ஒரு மனையில் இன்ன அளவில் கட்டடம் எழுப்பலாம் எனக் கட்டுநருக்குத் தெரிவிக்கும் கடிதங்களில், ஏறக்குறைய மாறாத வடிவில் ஒரு பத்தி இடம்பெற்றுவந்தது. கட்டுநர் கழிவுநீர் இணைப்புக்கான விண்ணப்பத்தை வாரியத்திடம் நேரில் அளித்து, ஒப்புதல் பெற்ற பின்னரே உட்புறக் கழிவுநீர்ப் பணிகளைத் தொடங்கவேண்டும் என்று அப்பத்தி முதலில் கூறுகிறது. அடுத்து, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும், ஒரு குடியிருப்புக்கு 5 பேர் என்ற கணக்கில், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் வீதம், வளாகத்தின் ஒரே ஒரு சம்ப் வரையில், அதாவது தரைக்கடியில் உள்ள சேமிப்புத் தொட்டி வரையில், நீர் வழங்குவது வாரியத்துக்கு இயலக்கூடும் என்கிறது. பிற பயன்பாடுகளுக்கான நீருக்குக் கட்டுநரே மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும் என்றும், நீர் இணைப்புக்கான விண்ணப்பமும் கழிவுநீர்த் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகே வரவேண்டும் என்றும் சொல்லி, கிணறுகளும் மேல்நிலைத் தொட்டிகளும் செப்டிக் டேங்குகளும் கொசு புகாதபடி இறுக மூடப்பட வேண்டும் என்ற கட்டளையோடு முடிகிறது.

இப்பத்தியைப் பொருட்படுத்திய சிலரும் இதனை வறட்சிக் காலத்துப் பங்கீட்டு முறையின் எச்சமாகவோ, எழுத்தர்கள் பழக்கத்தால் படியெடுத்துவந்த வாசகமாகவோ கருதி விட்டுவிட்டனர். அவ்வாறு விட்டுவிடுவதற்கு முன் அதன் வினைச்சொற்களையேனும் கவனித்திருக்கலாம். வாரியத்தைப் பற்றிய வினை ‘இயலக்கூடும்’ என நிற்கிறது. கட்டுநரைப் பற்றிய வினைகள் எல்லாம் ‘வேண்டும்’ என முடிகின்றன. வாரியத்தின் பக்கம் இருப்பது ஒரு வாய்ப்பு, அதற்குங்கூட ஓர் உச்ச அளவு உண்டு. கட்டுநரின் பக்கம் இருப்பது கடமை. எல்லை என்னும் சொல்லுக்கு ஒருவருடைய பொறுப்பு முடிந்து மற்றொருவருடைய பொறுப்பு தொடங்கும் இடம் என்று பொருள் கொண்டால், சென்னையின் நீர்ச் சேவை எல்லை இந்த வாக்கியத்துக்குள்தான் வரையப்பட்டிருக்கிறது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருந்த மனைகளுக்கான கடிதங்களிலேயே இது காணப்படுவதால், புறநகர்க் குறைபாடு என்று இதனை ஒதுக்கவும் வழியில்லை.

கணக்கு எளியது. ஐவர் வாழும் ஒரு குடியிருப்புக்கு இவ்வாசகப்படி நாளொன்றுக்கு 50 லிட்டர் கிடைக்கும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நடுவணரசின் குடிநீர் வழங்கல் கையேடு பரிந்துரைக்கும் ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவை எடுத்துக்கொண்டால் அதே குடியிருப்புக்கு 675 லிட்டர் தேவை. வாரியம் ஒப்புக்கொள்வது அதில் பதின்மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நூறு குடியிருப்புகள் கொண்ட ஒரு வளாகத்தில் நாள்தோறும் 62,500 லிட்டர் ‘மாற்று ஏற்பாட்டால்’ வரவேண்டும். கிணறு கைவிட்டுவிட்டால், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஐந்துக்கும் சற்று அதிகமாகத் தேவைப்படும். சம்புக்கு அப்பால் அந்த வளாகத்தின் குடியிருப்போர் நலச் சங்கமே ஒரு சிறு நீர் வாரியமாக ஆகிவிடுகிறது: ஆழ்துளைக் கிணற்றை அதுவே பராமரிக்கிறது, லாரிக்கு அதுவே பணம் கொடுக்கிறது, எந்தத் தளத்துக்கு எந்த நேரத்தில் மோட்டார் போடுவது என்றும் அதுவே தீர்மானிக்கிறது.

கழிவுநீரின் நிலை வேறு. வீட்டுக்கு வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது சாக்கடைக் குழாய்களை வடிவமைப்பதில் பொறியாளர்கள் கொள்ளும் பொதுவிதி. வாரியம் வழங்கும் 50 லிட்டரை மட்டும் நோக்கினால் ஒரு குடியிருப்பிலிருந்து 40 லிட்டர்தான் குழாயில் இறங்கவேண்டும். கையேட்டின் அளவுப்படி வீடு உண்மையில் பயன்படுத்தும் நீரைக் கொண்டு பார்த்தாலோ 540 லிட்டர் இறங்குகிறது. ஆகவே, தான் வழங்காத நீரின் கழிவையும் வாரியத்தின் குழாய் சுமக்கிறது. நீர்ச் சேவையின் எல்லையும் கழிவுநீர்ச் சேவையின் எல்லையும் ஒரே நிறுவனத்தால் வகுக்கப்பட்டிருந்தும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை. பின்னது முன்னதைவிடப் பல மடங்கு அகலமானது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் முடிவு இதுவே. கடிதத்தின் வரிசைமுறையும் இதற்குத் துணைநிற்கிறது: முதலில் கழிவுநீர் ஒப்புதல், பிறகே நீர் விண்ணப்பம். வளரும் நகரம் பொதுச் சுகாதாரத்துக்கு அஞ்சிக் கழிவைத் தன் பொறுப்பாக ஏற்கிறது, நீரை ஏற்கவில்லை. கொசுவைத் தடுக்கும் இறுதி வாக்கியம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது; கிணறும் செப்டிக் டேங்கும் அந்த மனையில் இருக்கும் என்று கடிதமே எதிர்பார்த்துத்தான் அவற்றை மூடச் சொல்கிறது.

இங்கே வாரியத்தின் பெயரும் நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அது வெறும் நீர் வழங்கும் வாரியம். தமிழிலோ குடிநீர் வழங்கும் வாரியம். ஒரு பெயர்ப்பலகையின்மேல் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றுவது முறையன்று. எனினும் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் என்னும் வரையறை தமிழ்ப் பெயரோடு இசைந்து நிற்பதையும், கழிவுநீர் என்னும் சொல்லுக்கு அப்படிப்பட்ட வரையறை எதுவும் இல்லாததையும் காணாமல் இருக்க இயலாது. குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என்று வீட்டில் புழங்கும் நீர் இந்தப் பெயரில் வந்த வழியாக இடம்பெறவில்லை, போகும் வழியாகத்தான் இடம்பெறுகிறது.

நடைமுறையில் வாரியம் இதைவிடக் கூடுதலாகவே நீர் விட்டது என்னும் மறுப்பு எழலாம். பல இடங்களில், பல ஆண்டுகளில் அது உண்மையே. ஆனால் கூடுதலாக விடப்பட்ட நீர் வாக்களிக்கப்பட்ட நீராக ஆகிவிடாது; 2019இல் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியபோது மக்களால் உரிமையோடு கேட்க முடியாமற் போனது இந்தக் கூடுதலைத்தான். வற்றாத ஆறு இல்லாத நகரத்தில் வேறென்ன எழுத முடியும் என்னும் மறுப்பும் வலுவற்றது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கிய பின்னரும் இந்தப் பத்தி கடிதங்களில் தொடர்ந்ததால், நீர் ஆதாரத்தின் அளவுக்கும் வாசகத்தின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகத் தோன்றவில்லை. நீர், கழிவுநீர் இரண்டின் பெயராலும் உட்கட்டமைப்பு வளர்ச்சிக் கட்டணம் கட்டுநரிடமிருந்து திட்ட அனுமதியின்போதே பெறப்பட்டது என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு எழுப்பலாம் என்னும் விகிதத்தை, உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2 ஆகவும் உயர் கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் உயர்த்தின. ஒரே மனையில் வீடுகள் கூடும்போது மனைக்குரிய 50 லிட்டர்களும் வீட்டுக்கு ஒன்றாகக் கூடும். பொதுப்பொறுப்புக்கு வெளியே நிற்கும் 625 லிட்டர்களும் அவ்வாறே கூடும். சேவை எல்லையை இம்மியும் நகர்த்தாமலேயே நிலத்தடி நீரின்மேல் விழும் சுமையை இவ்வாறு பெருக்க முடிந்திருக்கிறது.

ஆலந்தூர் இவ்வாதத்துக்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படக்கூடும். வாரியத்தின் சேவைக்கு வெளியே இருந்த அந்த நகராட்சி 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டபோது, வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாயைப் பொதுமக்கள் முன்பணமாகக் கட்டினர். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. மக்கள் சேவைக்குப் பணம் தர அணியமாக இருந்தனர் என்பதற்கும், தனியார் பங்கேற்பின் வெற்றிக்கும் உதாரணமாக இத்திட்டம் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அவ்விளக்கம் முழுதும் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் எந்தச் சேவைக்கு அவர்கள் பணம் தந்தார்கள் என்பது அதனினும் முதன்மையான கேள்வி. நீரை ஒவ்வொரு வீடும் தன் கிணற்றிலிருந்து தனியே தேடிக்கொள்ளலாம். செப்டிக் டேங்கில் நிரம்பிய கழிவை யாரும் தனியே அகற்றிக்கொள்ள முடியாது, அது ஊறிப்போய் அடுத்த வீட்டுக் கிணற்றில்தான் சேரும். ஆகவே பொதுப்பணம் திரட்டப்பட்டது நீருக்காக அன்றிக் கழிவுக்காக என்பது, கடிதத்தில் காணப்பட்ட அதே அகலக் குறுக்கத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாகவும் காட்டுகிறது. 2011இல் ஆலந்தூர் மாநகராட்சியோடு இணைந்தபோது அங்கே சாக்கடை ஏற்கெனவே இருந்தது. அங்கே எல்லை நகர்ந்தது எதைக் கொண்டுவந்தது என்று கேட்டால் வார்டு எண்ணையும் வரி வசூலிக்கும் அலுவலகத்தையும் கடந்து சொல்வதற்கு அதிகமில்லை.

சேவைப் பரப்பின் விரிவைச் சதுர கிலோமீட்டராலும் பதிக்கப்பட்ட குழாயின் நீளத்தாலும் அளக்கும் வழக்கம் இதனால்தான் ஐயத்துக்குரியதாகிறது. குழாய் பதித்தும் இணைப்புகள் குறைவாக இருந்தால், கழிவு படியாமல் ஓடுவதற்கு வேண்டிய நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிட்டாமல் சாக்கடை அடைத்துக்கொள்ளும். நீர்க் குழாய் பதித்தும் வாசகம் மாறாவிட்டால் சம்புக்கு வருவது 50 லிட்டர்தான். ஒரு விரிவாக்கத் திட்டம் வீட்டு வளர்ச்சிக்குத் துணைநின்றதா என அறிய விரும்பும் ஆய்வாளர் அத்திட்டத்தின் வரைபடத்துக்கு முன் அங்கு வழங்கப்பட்ட அனுமதிக் கடிதங்களைப் படிக்கவேண்டும்.

‘மாற்று ஏற்பாடு’ என்னும் சொற்றொடருக்கும் ஒரு நிலவியல் உண்டு. வீட்டுக் கிணறு வற்றியதும் அது லாரியாகிறது. லாரி புறப்படும் இடம் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் வயற்கிணறுகள். கிணறு தோண்டுவதற்கும் நீரை வண்டியில் கொண்டுசெல்வதற்கும் அனுமதியும் உரிமமும் வேண்டும் என 1987ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் விதித்திருந்தும், அனுமதிக் கடிதத்தின் மாற்று ஏற்பாடு அக்கிணறுகளை எல்லைக்கு வெளியே உள்ள முடிவற்ற இருப்பாகவே மறைமுகமாகக் கருதிற்று. 2022 அக்டோபரில் பெருநகர்த் திட்டப் பகுதி 1,189இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டபோது அம்மாவட்டங்களின் பகுதிகளும் இராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதற்குள் வந்தன. இதுவரை நகரத்தின் மாற்று ஏற்பாடாக இருந்த ஊர்களிலும் இனி அடுக்குமாடிகள் எழும், அவற்றுக்கும் திட்ட அனுமதிக் கடிதங்கள் எழுதப்படும். அந்தக் கடிதங்களிலும் மீதி 625 லிட்டருக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுமாறு எழுதினால், அது சுட்டப்போவது அந்த ஊர்களின் வயற்கிணறுகளையேதான்.