திரையில் நகரும் நிலப்படம்: வரைவது யார், எப்போது?

இணைய நிலப்படங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 2005 பிப்ரவரி 8-ஆம் தேதியில் தொடங்குகிறார்கள். கூகுள் மேப்ஸ் வெளியான நாள் அது. அதற்கு முன் வந்தவை ஒத்திகை, பின் வந்தவை விரிவாக்கம் என்ற பார்வை ஏறக்குறைய நிலைத்துவிட்டது. இக்கட்டுரை அதே காலத்தை வேறொரு கேள்வியோடு அணுகுகிறது. திரையில் தெரியும் நிலப்படத்தை வரைவது யார், எப்போது? நாம் கேட்டபிறகு எங்கோ உள்ள சர்வர் வரைகிறதா, கேட்பதற்கு முன்பே வரைந்து அடுக்கப்பட்டதா, கையிலுள்ள கருவியே அந்தக் கணத்தில் வரைகிறதா? இம்மூன்று முறைகளும் மாறிமாறித் தலையெடுத்திருக்கின்றன. ஒவ்வொரு மாற்றமும் வேகத்தோடு நிற்காமல், நிலப்படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும் முடிவு செய்தது.

இணையத்துக்கு முன்பே இதன் இரு எல்லைகளையும் பார்த்துவிட்டார்கள். 1978-இல் எம்.ஐ.டி.யின் ஆர்க்கிடெக்சர் மெஷின் குழு, கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் நகர் முழுவதும் நான்கு கேமராக்கள் பூட்டிய வண்டியை ஓட்டி, பத்தடிக்கு ஒருமுறை படமெடுத்தது. படங்கள் லேசர் தட்டுகளில் ஏறின. பார்ப்பவர் திரையைத் தொட்டு இடது, வலது என்று தெருத்தெருவாகப் போகலாம். ஆனால் வண்டி போகாத தெருவுக்கு அவரும் போக முடியாது. எல்லாம் முன்கூட்டியே தயாரானவை.

எதிர்முனையில் நிற்பது கலிஃபோர்னியாவின் ஈடாக் நிறுவனம் 1985-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் வழிகாட்டிக் கருவி. ஜி.பி.எஸ். வசதி பொதுமக்கள் கைக்கு வராத காலம். சக்கரங்களில் பொருத்திய உணரிகளும் ஒரு திசைகாட்டியும் கார் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போனது என்று கணக்கிடும். கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போகும் அல்லவா? கார் தெருவில்தான் ஓடும் என்ற எளிய உண்மையை வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அருகிலுள்ள தெருக்கோட்டுக்கு அதன் இடத்தை இழுத்துப் பொருத்திப் பிழையைக் குறைத்தார்கள். தெருக்களின் தரவு கேசட்டில் இருந்தது. ஒரு பெருநகர்ப் பகுதிக்கு ஒரு கேசட் போதாது. சிறு பச்சைத் திரையின் நடுவில் கார்க்குறி அசையாமல் நிற்க, கோடுகளாலான நிலப்படம் அதைச் சுற்றித் திரும்பும். இதை வடிவமைத்த ஸ்டான் ஹனி பாய்மரப் படகுப் பந்தயங்களில் வழிகாட்டுநர். பணம் போட்டவர் அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல். காருக்குள்ளேயே, நொடிக்கு நொடி, கோடுகளை வைத்து வரைந்த படம் அது. இன்றைய கைபேசி செய்வதும் அடிப்படையில் இதையே. ஈடாக்கை ஒரு விசித்திரப் பொருளாக அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவது சரியல்ல என்பதே என் எண்ணம்.

வலை பிறந்தபோது இந்த வழி அடைபட்டது. அன்றைய உலாவியால் எழுத்தையும் படத்தையும் காட்ட முடியும்; கோடு வரையத் தெரியாது. 1993 ஜூனில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்டீவ் புட்ஸ் வெளியிட்ட மேப் வியூவர், இந்தக் குறையை ஏற்றுக்கொண்டே கட்டப்பட்டது. படத்தின் மேல் ஓரிடத்தில் சொடுக்கினால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, பெருக்க அளவு மூன்றும் ஒரு புதிய வலை முகவரியாகி சர்வருக்குப் போகும். சர்வர் உலகக் கரையோரங்கள், ஆறுகள், எல்லைகளின் தரவிலிருந்து வேண்டியதை எடுத்து ஒரு ஜிஃப் படமாக வரைந்து அனுப்பும். பக்கம் முழுவதும் புதிதாக வந்து நிற்கும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை சர்வர் நினைவில் வைப்பதில்லை. அந்த நிலை முழுதும் முகவரியிலேயே அடங்கியிருந்தது. ஓரிடத்தின் இணைப்பை நண்பருக்கு அனுப்பும் இன்றைய பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

1996-இல் வந்த மேப்குவெஸ்ட் இதே முறையைப் பெருவணிகமாக்கியது. படத்தின் விளிம்பில் அம்புக்குறிகள். ஒன்றை அழுத்தினால் காத்திருக்க வேண்டும், பிறகு அடுத்த படம் வரும். 1999 இறுதியில் ஏ.ஓ.எல். இதை 110 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2000-இல் திறந்த நிலவெளிக் கூட்டமைப்பு வகுத்த நிலப்படச் சேவைத் தரமும் ‘இன்ன எல்லைக்குள் இன்ன அளவில் வரைந்து கொடு’ என்ற கோரிக்கையையே முறைப்படுத்தியது. அது கேட்டபின் வார்க்கும் தோசை. வரிசை நீண்டால் கல் ஒன்றுதான்.

முன்பே அவித்து அடுக்கும் இட்லி வழி வேறொரு நோக்கத்திலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜிம் கிரேயும் டாம் பார்க்லேயும் தங்கள் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருள் ஒரு டெராபைட்டைத் தாங்கும் என்று காட்ட விரும்பினார்கள். அவ்வளவு பெரிய தரவு எங்கே கிடைக்கும்? அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் வான்படங்களும் ரஷ்யச் செயற்கைக்கோள் படங்களும் கைகொடுத்தன. 1998 ஜூனில் திறக்கப்பட்ட டெராசர்வர் அந்தப் படங்களை சிறு துண்டுகளாக முன்பே வெட்டி, ஒவ்வொன்றையும் தரவுத்தளத்தில் ஒரு வரிசையாக வைத்தது. ஒவ்வொரு பெருக்க நிலைக்கும் தனித்தனி அடுக்கு. கேட்கும்போது வரைய ஒன்றுமில்லை, எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. நிலப்படம் இங்கே நோக்கமல்ல, தரவுத்தளத்துக்குப் போட்ட சுமை மட்டுமே. ஆனாலும் பின்வந்த பத்தாண்டின் அமைப்பு இதில் முழுதாக இருந்தது. (2007 ஜனவரியில் கிரே தனியாகப் படகில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அப்பாலுள்ள கடலின் செயற்கைக்கோள் படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இணையத்தில் அவரது படகைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.)

நிலப்படத்தை அடுக்கடுக்காக வெட்டி எண் கொடுப்பது அப்போதும் புதிதல்ல. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் வரிசையைப் பாருங்கள். நாலு பாகை நீளம், நாலு பாகை அகலம் கொண்ட தாளுக்கு ஓர் எண். அதைப் பதினாறாக்கி எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் மீண்டும் பதினாறாக்கி எண். சென்னை 66 என்ற பெரிய தாளில் வருகிறது. வட சென்னை 66 சி, வேளச்சேரி 66 டி. 13-ஆவது அட்சரேகை அடையாறுப் பக்கம் நகரைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. முழு நகரைப் பார்க்கத் தாள்களை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் தாள் கிடைத்தால்தான். பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கடற்கரையோரத் தாள்கள் பொது விற்பனைக்கு வராத காலம் நீண்டது. தாளை விற்கும் இடத்தில் பூட்டுப் போட்ட அந்தக் கட்டுப்பாடு, வெளிநாட்டு சர்வரில் கிடக்கும் படங்களின் முன் செல்லவில்லை. 2005 அக்டோபரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கூகுள் எர்த் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் குறித்துக் கவலை தெரிவித்தார். 2009-இல் இஸ்ரோ ‘புவன்’ என்ற நிலப்படத் தளத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் அரசு நிலப்படத் தரவு விதிகளைப் பெருமளவு தளர்த்தியது.

கூகுள் மேப்ஸுக்கு வருவோம். சிட்னியில் லார்ஸ், ஜென்ஸ் ராஸ்முசன் சகோதரர்களும் நோயல் கார்டன், ஸ்டீஃபன் மா ஆகியோரும் நடத்திய வேர் 2 டெக்னாலஜிஸ் நிறுவனத்தை 2004-இல் கூகுள் வாங்கியது. அவர்கள் முதலில் எழுதியது கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள். கூகுளுக்காக அதை உலாவிக்குள் கொண்டுவந்தார்கள். துண்டு வெட்டுவதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் துண்டுகளைப் பக்கம் மாறாமல் பின்னணியில் வரவழைத்து, சுட்டியால் இழுத்த பக்கம் படம் வழுக்கிப் போகும்படி செய்ததுதான் அவர்களின் பங்கு. அம்புக்குறி போயிற்று, தாளின் விளிம்பும் போயிற்று.

துண்டுகளின் கணக்கு எளிது. பெருக்க நிலை 0-இல் உலகம் முழுவதும் 256-க்கு 256 பிக்சல் கொண்ட ஒரே சதுரம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு சதுரம் நான்காகும். 10-ஆம் நிலையில் 10,48,576 துண்டுகள். 18-இல் 6,871 கோடிக்கு மேல். ஓபன்ஸ்ட்ரீட்மேப் முறையில் சென்னை சென்ட்ரல் நிலையம் விழுவது 10/740/474 என்ற துண்டில்: பத்தாம் நிலை, மேற்கிலிருந்து 740, வடக்கிலிருந்து 474, எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். சுமார் 38 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தச் சதுரத்தில் பாதிக்கும் மேல் வங்கக் கடல். பரங்கிமலை உள்ளே இருக்கிறது. தாம்பரம் பக்கத்துத் துண்டான 739-க்குப் போய்விடுகிறது. நகரம் இன்னும் வெட்டப்படுகிறது, வெட்டு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிடம் எல்லாத் துண்டையும் வரைந்து வைக்கும் வசதியில்லை. வெறுங்கடலின் 18-ஆம் நிலையை யார் கேட்கப்போகிறார்கள்? முதலில் ஒருவர் கேட்கும்போது வரைந்து, அடுத்தவருக்காகச் சேமித்துக்கொண்டது. தோசையும் இட்லியும் கலந்த ஏற்பாடு.

முன்பே வரைவதற்கு ஒரு விலை இருந்தது. உலகை நான்கு நான்காகப் பிரிக்க அது சதுரமாக இருக்க வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் மெர்க்கேட்டர் வீழலை வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 85.05 பாகையில் வெட்டினால் சதுரம் கிடைக்கும். கூகுளின் தொடக்க வடிவம் மெர்க்கேட்டரில் இல்லை. ஸ்டாக்ஹோம் போன்ற வடக்கு நகரங்களில் செங்கோணத்தில் சந்திக்கும் தெருக்கள் படத்தில் சாய்ந்து தெரிந்ததால் மாற்றினார்கள். தெருவுக்கு அது சரியான முடிவு, உலகப் படத்துக்குத் தவறான முடிவு. ஆப்பிரிக்காவின் பதினான்கில் ஒரு பங்கேயான கிரீன்லாந்து, அதற்கு இணையாகத் திரையில் விரிந்தது. நிலஅளவியலாளர்கள் இந்த வீழலுக்கு அதிகாரபூர்வக் குறியெண் தரவே முதலில் மறுத்தார்கள். ஆனால் கோடிக்கணக்கான துண்டுகள் வரையப்பட்ட பிறகு யாரால் மாற்ற முடியும்? துண்டு வழங்கும் ஏனைய தளங்களும் இதையே பின்பற்றின. பெயர்களின் மொழியும் அப்படியே உறைந்தது: படத்தில் எழுத்து பொறிக்கப்பட்டுவிட்டால் பார்ப்பவர் யாராயிருந்தாலும் அதே மொழிதான்.

2010 டிசம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் படத்தை அனுப்புவதை விட்டு, கோடு, புள்ளி, பெயர் ஆகியவற்றின் தரவை அனுப்பத் தொடங்கியது. வரைவது கைபேசியின் வேலையாயிற்று. 2014-இல் மேப்பாக்ஸ் நிறுவனம் உலாவிக்கும் இதைத் திறந்த நிரலாகக் கொண்டுவந்தது. வெட்டும் முறை மாறவில்லை. துண்டுக்குள் இருக்கும் பொருள் மாறியது. ஈடாக்கின் வழி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியது. கருவியே வரைவதால் படத்தைத் திருப்பலாம், சாய்க்கலாம். பெயரைப் பார்ப்பவர் மொழியில் எழுதலாம். 2018 ஆகஸ்டில் கூகுள் மேப்ஸ் கணினித் திரையில், முழுதாக விலகிப் பார்க்கும்போது, மெர்க்கேட்டரைக் கைவிட்டு உருண்டையைக் காட்டியது. விவாதங்களால் அசையாத வீழல், வரையும் இடம் மாறியதும் அசைந்தது.

தமிழுக்கோ இந்தத் திரும்பல் எதிர்மறையாக அமைந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஊர்களுக்குத் தமிழ்ப் பெயரைத் தனிப் புலத்தில் சேர்க்க முடியும். தன்னார்வலர்கள் சேர்த்தும் வருகிறார்கள். சர்வரில் படம் வரையும் மேப்னிக் மென்பொருள், ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரலின் துணையோடு அதைப் பிழையின்றி எழுதும். ஆனால் மேப்பாக்ஸ் வழிவந்த திறந்த நிரல்கள் எழுத்துருக்களை ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு சிறு படமாகத் தயாரித்து வைத்து, வந்த வரிசையிலேயே அடுக்கின. ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழில் கொம்பு, குறியெண் வரிசையில் மெய்க்குப் பின்னால் வரும். காட்டும்போது முன்னால் போக வேண்டும். அடுக்குகிற நிரலுக்கு அது தெரியாது. எனவே ‘சென்னை’ என்று எழுதினால் சகரம் முதலில், கொம்பு அதற்குப் பின்னால், இறுதி னகரத்துக்குப் பிறகு அதன் ஐகாரக் குறி என்று சிதறி நின்றது. அரபிக்குத் தனிச் செருகுநிரல் எழுதினார்கள். சீன, ஜப்பானிய எழுத்துகளைக் கருவியின் எழுத்துருவிலிருந்தே எடுக்க ஏற்பாடு செய்தார்கள். இந்திய, தென்கிழக்காசிய எழுத்துகள் காத்திருந்தன. பெரிய நிறுவனங்களின் செயலிகளில் இந்தக் கோளாறு இல்லை. சிக்கியவை சிறு குழுக்களும் தன்னார்வலர்களும் நம்பியிருக்கும் திறந்த நிரல்களே. அவற்றில் தமிழ் நிலப்படம் தயாரிக்க விரும்பியவர்களுக்குக் கைகொடுத்தது பழைய முறைதான்: பெயர்களை மட்டும் சர்வரிலேயே முன்கூட்டி எழுதி, படத்துண்டாக மேலே ஒட்டுவது.