திண்ணையில் உட்கார்ந்தால் யார் குரல் கேட்கும்?

"கூலியெல்லாம் சரியாத்தான் கிடைக்குது தம்பி, ஒரு குறையும் இல்ல."

கல்லூரி புராஜெக்டுக்காகத் திருவையாறு பக்கம் நடவு வேலை செய்யும் பெண்களிடம் பேட்டி எடுத்தபோது ஒரு அக்கா சொன்ன பதில் இது. என்னை அழைத்துப் போனவர் நிலத்துக்காரர். பேட்டி முடியும்வரை வரப்பில் என் பக்கத்திலேயே நின்றார். பதிலை அப்படியே எழுதிக் கொடுத்தேன், நல்ல மார்க்கும் கிடைத்தது. பிறகுதான் ஆந்த்ரே பெத்தேய் பற்றிப் படித்தேன்.

பெத்தேய் ஒரு சமூகவியலாளர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். அந்த ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று அவரே ஒரு பெயர் வைத்தார். 1965-ல் புத்தகம் வந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் எப்படிப் பிரிந்து போகின்றன என்பதுதான் அதன் விஷயம்.

ஊரில் அக்ரஹாரம், குடியானத் தெரு, சேரி என்று மூன்று பகுதிகள். பெத்தேய் தங்கியது அக்ரஹாரத்தில். ஊர்க்காரர்கள் அவரையும் அக்ரஹாரத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். மற்ற இரண்டு பகுதிகளிலும் அவரால் அதே அளவுக்குப் பழக முடியவில்லை. நண்பர்களே, எனக்குப் பிடித்தது இதுதான்: அவர் இதை மறைக்கவில்லை, எழுதியே வைத்தார்.

அவருக்கு முன்பே, 1951-53-ல், காத்லீன் கஃப் தஞ்சைக் கிராமங்களில் ஆய்வு செய்தார். 1976-ல் திரும்பவும் வந்தார். அவர் மார்க்சியர். அதனால் நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது என்ற கேள்விகளையே அதிகம் கேட்டார். ஒரே மாவட்டம்தான், ஆனால் கேட்பவர் மாறினால் கதையின் அழுத்தமும் மாறுகிறது.

இது வெறும் ஆய்வுமுறைச் சிக்கல் இல்லை. கூலிப் போராட்டம் நடந்த கீழத்தஞ்சையில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட மண்ணில், நிலத்துக்காரர் முன்னால் "குறையில்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

போன மாதம் தனியாகப் போனேன். அதே அக்கா சிரித்தார். "அன்னைக்கு அவரை வச்சுக்கிட்டு வேற என்னத்தச் சொல்றது?"

இன்று சொன்னது மட்டும் முழு உண்மையா? பேனாவோடு நிற்கும் காலேஜ் பையனுக்கு ஏற்ற பதிலாகவும் அது இருக்கலாம். அதனால் இனி என் நோட்டில் முதல் வரி பதிலாக இருக்காது. நான் யாரோடு போனேன், எங்கே நின்றேன் என்பதாக இருக்கும்.