கம்ப்யூட்டர் வேகத்தை ஏற்றும் ஓவர்கிளாக்கிங்: சிப்புக்கு ஆபத்து சூடா, வோல்டேஜா?

கேம் ஆடுபவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் மத்தியில் அடிக்கடி அடிபடும் வார்த்தை ஓவர்கிளாக்கிங். காசே இல்லாமல் கம்ப்யூட்டர் வேகத்தைக் கூட்டலாம் என்பார்கள். நல்ல கூலரும் கரண்ட் பில்லும் அந்தக் கணக்கில் வராது போல!

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

பிராசஸர் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதுதான் கிளாக் வேகம். 5 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் 500 கோடி துடிப்பு. கம்பெனி வைத்த இந்த அளவை பயாஸ் செட்டிங்கில் கூட்டுவதே ஓவர்கிளாக்கிங். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பெயர் போனது. 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை பலரும் 450-ல் ஓட்டினார்கள்.

சூடு ஏன் எகிறுகிறது?

துடிப்பு வேகமானால், ஒவ்வொரு கணக்கையும் முடிக்கக் கிடைக்கும் நேரம் குறையும். முடியாவிட்டால் விடை தப்பாகிவிடும். அதைச் சமாளிக்க வோல்டேஜை ஏற்றுகிறார்கள். வம்பே அங்கேதான். மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும்; வோல்டேஜுக்கோ வர்க்க விகிதத்தில் கூடும். இரண்டையும் 10% ஏற்றினால் மின்செலவு சுமார் 33% எகிறும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். பல இன்டெல் சிப்கள் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூலர் சரியில்லை என்றால், ஏற்றின வேகம் அங்கேயே போச்சு.

அதான் ஓடுதே, அப்புறம் என்ன?

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. நீலத்திரை வந்தால்கூட பரவாயில்லை, கோளாறு இருப்பது தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஃபைல் கெட்டுப்போவதுதான் மோசம். அதனால்தான் பிரைம்95 போன்ற சாஃப்ட்வேரை மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள்.

சூட்டை கூலர் பார்த்துக்கொள்ளும். வோல்டேஜ் விஷயம் அப்படியில்லை. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, ஓவர்கிளாக் செய்யாமலேயே கிராஷ் ஆகின. தேவைக்கு அதிகமான வோல்டேஜ்தான் காரணம் என்று 2024-ல் இன்டெல் சொன்னது. ஆகஸ்ட்டில் மைக்ரோகோட் அப்டேட் தந்து, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை எந்த அப்டேட்டும் மீட்காது, மாற்றத்தான் வேண்டும்.

நீங்களே ஓவர்கிளாக் செய்து சிப் கெட்டால்? இன்டெல், ஏஎம்டி இரண்டின் வழக்கமான வாரண்டியிலும் அதற்கு இடமில்லை.